எபென் குவார்டெட்: இருவர் மாறியபின்னும் அதே குழுதானா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பிரான்ஸின் எபென் குவார்டெட் தொடங்கி இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. வயோலா வாசிப்பவர் இரண்டு முறை மாறிவிட்டார். செல்லோ வாசித்தவரும் விலகிவிட்டார். நாலு பேரில் இரண்டு பேர் புதியவர்கள் என்றால் பெயர் மட்டும்தானே மிச்சம்? இந்தக் குழு எப்படி இவ்வளவு பெரிய இடத்துக்கு வந்தது? புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?"

குவார்டெட் என்றால் இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, இன்னும் பெரிய, தாழ்ந்த குரலுள்ள ஒரு செல்லோ என நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் குழு. அப்படிப்பட்ட குழுவுக்காக எழுதிய படைப்புக்கும் அதே பெயர்தான். உங்கள் கேள்விக்கு, அதே குழுதான் என்பது என் பதில். காதால் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். 2008-இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தையும் 2023-இல் வந்ததையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், வயோலாவின் குரல் வேறு என்பது உடனே தெரிந்துவிடும். கூடவே, நாலு பேரும் ஒருவரையொருவர் கேட்கும் விதம் அப்படியே இருக்கிறது என்பதும் தெரியும். அந்தக் கேட்கும் பழக்கம் எப்படி வந்தது, ஆள் மாறியபோது எப்படிக் கைமாறியது என்று பார்த்தால் மற்றக் கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். பிரெஞ்சில் 'எபென்' என்றால் கருங்காலி மரம். வயலின், வயோலா, செல்லோ எதை எடுத்தாலும் இடக்கை விரல்கள் ஓடுகிற அந்தக் கறுத்த பலகை பெரும்பாலும் கருங்காலியில் செய்ததாகத்தான் இருக்கும். வருடக்கணக்கில் தந்தியும் விரலும் அழுத்தினாலும் சீக்கிரம் தேயாத மரம் அது.

1999-இல், பாரிஸை ஒட்டியிருக்கும் புலோன்-பியாங்கூர் ஊரின் இசைப்பள்ளியில் இந்தக் குழு உருவானது. உலகத்துக்கு இதை அறிமுகப்படுத்திய நால்வர்: முதல் வயலின் பியேர் கொலோம்பே, இரண்டாம் வயலின் கப்ரியேல் லு மகதூர், வயோலா மத்தியூ எர்சோக், செல்லோ ரஃபாயேல் மெர்லேன். மாணவப் பருவத்தில் ஹைடன், பார்ட்டோக் என்ற இசையமைப்பாளர்களின் படைப்புகளைப் பயிற்சி செய்து களைத்துப்போனால், அதே அறையில் ஜாஸ் மெட்டுகளையும் சினிமாப் பாட்டுகளையும் எடுத்துக்கொண்டு கைபோன போக்கில் வாசிப்பார்களாம். பொழுதுபோக்காக ஆரம்பித்த இந்த வழக்கம் பின்னாளில் இவர்களின் அடையாளமே ஆகிவிட்டது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், ஏனென்றால் பலர் நினைப்பதுபோல் அது ஓரத்து அலங்காரம் இல்லை.

பாரிஸில் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இஸாயி குவார்டெட்காரர்கள். அந்தக் குழு 1984-இல் தொடங்கி 2014-இல் தானாகவே முடித்துக்கொண்டது. அதன் பெயர் பெல்ஜிய வயலின் மேதை யூஜின் இஸாயியின் பெயர். அவருடைய குழுதான் 1893 டிசம்பரில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் குவார்டெட்டைப் பாரிஸில் முதன்முதலாக வாசித்தது. அதே 1893-இல்தான் லூசியேன் காப்பே என்பவர் தன் குவார்டெட்டைத் தொடங்கினார். காப்பே குழு 1927, 28-இல் பதிவு செய்த இசைத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. அதில் காப்பேயின் வயலினில், விரலை அசைத்து உண்டாக்கும் நடுக்கம் மிகக் குறைவு. விரலை அசைக்காமல் ஒரு சுரத்தை அப்படியே நிறுத்தி, வில்லின் வேகத்தால் மட்டும் அதற்கு உயிர் கொடுப்பார். எபென் குழுவிடமும் இதே குணத்தைப் பார்க்கலாம். மெதுவான பகுதிகளில் நாலு பேரும் விரல் அசைவை முழுக்க நிறுத்திவிட்டு, கண்ணாடிபோல் ஒரு ஒலியை உண்டாக்குவார்கள். அப்புறம் ஒருவர் மட்டும் மெல்ல அசைக்கத் தொடங்குவார், ஒரு முகத்தில் மட்டும் வெளிச்சம் விழுந்ததுபோல் அந்தக் குரல் தனியாகத் தெரியும். காப்பேயைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிரெஞ்சுக் காதுக்கு இந்த ருசி பழையது.

பிரெஞ்சு ஆசிரியர்களோடு நிற்காமல் பெர்லினில் எபெர்ஹார்ட் ஃபெல்ட்ஸிடமும், ஹங்கேரியர்களான கபோர் தகாச், ஜியோர்ஜ் குர்தாக் ஆகியோரிடமும் போய்க் கற்றார்கள். ஃபெல்ட்ஸ் ஜெர்மனியின் குவார்டெட் உலகில் ஒரு தலைமுறைக்கே வாத்தியார். குர்தாக் இசையமைப்பாளர், அவருடைய சொந்தப் படைப்புகளிலேயே இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள மௌனத்துக்கும் கணக்கு உண்டு. இந்த மாதிரி ஆசிரியர்களிடம் போவது பாட்டைத் திருத்திக்கொள்வதற்காக மட்டும் அல்ல. ஒரு சுரத்தை ஏன் வாசிக்கிறாய் என்று அவர்கள் கேட்பார்கள், நாலு பேரும் ஒரே பதிலுக்கு வந்து சேர வேண்டும்.

நாலு பேர் ஒரே பதிலுக்கு வருவது எவ்வளவு கடினம் என்பதைச் சுருதி சேர்ப்பதை வைத்தே காட்டிவிடலாம். செல்லோவில் நாலு தந்தி. ஒவ்வொரு தந்தியும் அதற்குக் கீழ்த்தந்திக்குப் பஞ்சமம். வயோலாவில் அதே நாலு தந்திகள் ஒரு ஸ்தாயி மேலே. வயலினில் இன்னும் ஒரு பஞ்சமம் கூடுதலாக ஏறுகிறது. ஆக, செல்லோவின் மிகத் தாழ்ந்த தந்தியிலிருந்து பஞ்சமம் பஞ்சமமாக நாலு படி ஏறினால் வயலினின் உச்சத் தந்தியின் சுரம் வருகிறது. கீழ்த்தந்தியை ஸட்ஜமாக வைத்தால் இந்த உச்சத் தந்தி அதற்கு அந்தர காந்தாரம். ஒவ்வொரு பஞ்சமத்தையும் அலைவே இல்லாமல் சுத்தமாகச் சேர்த்துக்கொண்டே போனால், நாலாவது படியில் அந்தக் காந்தாரம் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். எவ்வளவு என்றால் அரைச்சுரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. தனியாக வாசிக்கிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் செல்லோ கீழே ஸட்ஜத்தைப் பிடித்திருக்க, வயலின் மேலே திறந்த தந்தியில் காந்தாரத்தை வைத்தால் காது கூசும்.

அதனால் குவார்டெட்காரர்கள் பஞ்சமங்களை மயிரிழை குறுக்கித் தந்தி சேர்ப்பது வழக்கம். அதோடு தீராது. அந்தக் காந்தாரம் கூட்டு ஒலிக்குள் இருக்கும்போது தாழ்ந்திருக்க விரும்பும். அதே சுரம் மெட்டில் மேல்நோக்கிப் போகிற வழியில் வந்தால் உயர்ந்திருக்க விரும்பும். யாருக்கு யார் விட்டுக்கொடுப்பது? ஒவ்வொரு இடத்திலும் பேசித் தீர்மானிக்க வேண்டும். செல்லோ மட்டும் முதலில் வாசிக்கும், அதன்மேல் ஸ்தாயி, அதன்மேல் பஞ்சமம், கடைசியாகக் காந்தாரம் என்று ஒவ்வொரு கூட்டு ஒலியையும் கீழிருந்து கட்டுவார்கள். இரண்டு வரி இசைக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். ஒரு குழுவின் "குரல்" என்று நாம் சொல்வது இப்படிப்பட்ட ஆயிரம் தீர்மானங்கள் எழுதி வைக்கப்படாமல் நாலு பேர் கைகளில் தங்கியிருப்பதுதான். உங்கள் கேள்விக்கு இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். 2004-இல் மியூனிக் நகரத்தில் ஜெர்மன் வானொலி நிலையங்களின் கூட்டமைப்பான ஏஆர்டி நடத்தும் இசைப் போட்டியில் முதல் பரிசு, அதோடு ரசிகர்கள் தரும் பரிசும் கிடைத்தது. குவார்டெட்டுகளுக்கு உலகத்தில் இருக்கும் கடினமான வாசல்களில் ஒன்று அது. அடுத்த வருடம் மியூனிக்கின் ஃபோர்பெர்க்-ஷ்னைடர் அறக்கட்டளை பெல்மோன் பரிசைக் கொடுத்தது. அந்த அறக்கட்டளையோடு ஏற்பட்ட பந்தம் நீண்டது. பழைய இத்தாலியக் கருவிகள் கைக்கு வந்ததில் அதற்குப் பங்குண்டு. நல்ல பழைய வயலின் ஒன்றின் விலையை இளம் கலைஞர்கள் வாழ்நாளில் சம்பாதிக்க முடியாது. ஐரோப்பாவில் இந்த மாதிரிக் கடனாகத் தரும் அறக்கட்டளைகள் இல்லாவிட்டால் பல குழுக்கள் நமக்குத் தெரிந்த ஒலியில் ஒலித்திருக்கவே மாட்டா. அப்புறம் சின்ன விஷயம்போல் தோன்றும் இன்னொன்று: நாலு பேர் விமானத்தில் போனால் ஐந்து டிக்கெட் எடுக்க வேண்டும். செல்லோவுக்கு ஒரு இருக்கை.

ஹைடன், பார்ட்டோக் என்று சிறிய நிறுவனமொன்றில் சில பதிவுகள் செய்த பின், 2008-இல் டெபுஸி, ஃபோரே, ராவெல் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் மூவரின் குவார்டெட்டுகளையும் ஒரே ஆல்பமாகக் கொண்டுவந்தார்கள். 2009-இல் பிரிட்டனின் 'கிராமஃபோன்' இதழ் அதை வருடத்தின் சிறந்த பதிவாகத் தேர்ந்தெடுத்தது. சிம்ஃபனிகளும் ஓபராக்களும் போட்டி போடும் இடத்தில் நாலு பேர் வாசித்த ஒன்று மேலே வந்தது. குழுவின் வாழ்க்கை இதற்கு முன், இதற்குப் பின் என்று பிரிந்துவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம்.

இந்த ஆல்பத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். டெபுஸியும் ராவெலும் ஜோடியாகப் பதிவாவது பல்லாண்டுப் பழக்கம். இரண்டுமே இளைஞர்கள் எழுதியவை, வாழ்நாளில் ஆளுக்கு ஒரே ஒரு குவார்டெட். ராவெல் தன்னுடையதை ஆசிரியர் ஃபோரேவுக்குத்தான் காணிக்கையாக்கினார். அந்த ஃபோரேயோ குவார்டெட் எழுதவே பயந்துகொண்டு வாழ்க்கை முழுக்கத் தள்ளிப்போட்டவர். பீத்தோவனுக்குப் பின் இந்த வடிவத்தில் கை வைக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. கடைசியில் 1924-இல், காது ஏறக்குறைய முழுதும் போன நிலையில், 79 வயதில் எழுதி முடித்தார். சில வாரங்களில் இறந்தும் போனார். பல குழுக்கள் தொடாமல் விடும் அந்தப் படைப்பை எபென் குழு இரண்டு பிரபலமான படைப்புகளுக்கு நடுவில் சமமாக உட்கார வைத்தது. இது எனக்கு மிகப் பிடித்த முடிவு.

ஃபோரேயின் முதல் பகுதி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? வயோலா தனியாக ஒரு கேள்வி கேட்பதுபோல் ஒரு மெட்டை எடுக்கும், முதல் வயலின் அதற்குப் பதில் சொல்லும். டெபுஸியின் இரண்டாம் பகுதிக்குப் போனால் அங்கேயும் வயோலாதான். மற்ற மூவரும் வில்லைத் தள்ளி வைத்துவிட்டு விரலால் தந்தியைச் சுண்டிக்கொண்டிருக்க, வயோலா மட்டும் வில்லால் ஒரு குட்டி மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். அது நகராமல் ஒரே இடத்தில் சுழல்வது. சலிப்பு தட்டாமல் வாசிப்பது மகா கஷ்டம். எர்சோக் இதை வாசிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் விழும் இடம் துளி நகர்வதைக் கவனியுங்கள். சுண்டல்கள் அதைச் சுற்றி மழைத்துளிபோல் விழும். ஆனால் மழையை நடத்துவது வயோலாதான். ராவெலின் இரண்டாம் பகுதியிலும் இதே சுண்டல் விளையாட்டு வருகிறது, அங்கே மூன்று தட்டும் இரண்டு தட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும். தாளத்தில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர்கள் கையால் போட்டுப் பாருங்கள், எந்தக் கணக்கில் போடுவது என்று கை தடுமாறும்.

இங்கேதான் அந்த ஜாஸ் பழக்கம் வேலை செய்கிறது. 2010-இல் 'ஃபிக்‌ஷன்' என்ற ஆல்பம் வந்தது. பெரும்பாலும் சினிமா இசை, எல்லாம் அவர்களே வடிவமைத்தவை. உச்சக்குரல் ஓபரா பாடகி நத்தலி தெஸ்ஸே, நடிகை ஃபனி அர்தான், ஜாஸ் பாடகி ஸ்டேசி கென்ட் ஆகியோர் பாடினார்கள். கச்சேரி முடிவில் கைதட்டல் ஓயாதபோது, நாலு பேரும் கருவிகளைத் தாழ்த்திவிட்டு, ஸ்னோ ஒயிட் படத்துப் பாட்டொன்றை வாயாலேயே நாலு குரலில் பாடத் தொடங்கி, அப்படியே வில்லுக்கு மாறிக் கற்பனையாக விரித்துக்கொண்டு போவது அந்தக் காலத்தில் பிரசித்தம். பீத்தோவனின் படைப்பை வாசித்த மேடையில் இதெல்லாம் தேவையா என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள்.

நான் அவர்கள் பக்கம் இல்லை. கற்பனையாக வாசிக்கும்போது அடுத்தவர் என்ன செய்யப்போகிறார் என்று தாளில் எழுதியிருக்காது. காதும் கண்ணும் மட்டும்தான் துணை. இதை வருடக்கணக்கில் செய்தவர்கள் அச்சிட்ட பீத்தோவனை எடுத்தாலும் அடுத்தவர் இப்போதுதான் அதைக் கண்டுபிடிப்பதுபோல் கேட்டு வாசிப்பார்கள். டெபுஸியின் அந்தச் சுண்டல் பகுதி மற்றக் குழுக்களிடம் கச்சிதமாக இருக்கும், இவர்களிடம் ஊஞ்சல்போல் ஆடும். காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. ஆனால் 2014-இல் வந்த 'பிரேசில்' ஆல்பம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அங்கே குவார்டெட் பாடகர்களுக்குப் பின்னணியாகச் சுருங்கிவிட்டது. பிரெஞ்சுக் கவி வெர்லேனின் வரிகளுக்கு அமைந்த பாடல்களைப் பாடகர் ஃபிலிப் ஜரூஸ்கியோடு செய்தது அதைவிடப் பல மடங்கு நல்ல வேலை.

இதே காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. பியானோ கலைஞர் மெனஹெம் பிரெஸ்லரின் 90-ஆவது பிறந்தநாளையொட்டிப் பாரிஸில் எபென் குழு அவரோடு வாசித்தது, அது பதிவாகவும் இருக்கிறது. பிரெஸ்லர் 1955-இல் போஸார் ட்ரியோ என்ற மூவர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த ட்ரியோவின் முதல் வயலின்காரர் தானியேல் கிலே. போருக்கு முன் பாரிஸில் இருந்த கல்வே குவார்டெட்டில் இரண்டாம் வயலின் வாசித்தவர் அவர். போர்க்காலத்தில் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அங்கே அவரிடமிருந்துதான் இளைஞரான பிரெஸ்லர் சேர்ந்து வாசிக்கும் வித்தையை நெருக்கமாகப் பார்த்தார். ஆக 1920-களின் பாரிஸ் குவார்டெட் வழக்கம் கடல் கடந்து, ஒரு ஜெர்மனியில் பிறந்த யூதப் பியானோக்காரரின் கைவழியாக, ஏறக்குறைய தொண்ணூறு வருடம் கழித்துப் பாரிஸுக்கே திரும்பி வந்திருக்கிறது. பதிவில் பிரெஸ்லர் ஒரு சொற்றொடரை முடிக்கும்போது நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது கேட்கும்.

2014 முடிவில் எர்சோக் விலகினார். அவருக்கு ஆர்க்கெஸ்ட்ரா நடத்துவதில் ஆசை. பின்னர் அப்பாஸ்யொனாத்தோ என்ற சொந்த ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தத் தொடங்கினார். இப்போது யோசித்துப் பாருங்கள். இந்தக் குழுவை உலகத்துக்குக் காட்டிய ஆல்பத்தில் ஃபோரேயைத் தொடங்கியது வயோலா, டெபுஸியைச் சுழற்றியது வயோலா. அவரே போய்விட்டார். 2015-இல் அத்ரியான் புவாஸோ வந்தார், நல்ல கலைஞர், ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. 2017-இல் மரி ஷிலெம் வந்தார். 

புதிதாக வருபவர் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மற்ற மூவரும் பதினைந்து வருடமாகப் பேசித் தீர்த்த ஆயிரம் விஷயங்கள் இருக்கின்றன. எந்தக் காந்தாரம் தாழ வேண்டும், எந்த இடத்தில் விரல் அசையக் கூடாது, எங்கே மூச்சு விட வேண்டும் என்று. யாரும் பட்டியல் போட்டுத் தர மாட்டார்கள், அவர்களுக்கே அது பட்டியலாகத் தெரியாது. புதியவர் வந்து "இங்கே ஏன் இப்படி?" என்று கேட்டபின்தான் பழையவர்களுக்கும் அது ஒரு தீர்மானம் என்பதே நினைவுக்கு வரும். சில இடங்களில் புதியவரின் வழி மேலானது என்று தெரிந்து மாற்றிக்கொள்வார்கள். ஷிலெமின் வயோலா எர்சோக்கினதைவிட நிழல் கூடியது, அடங்கியது, ஆழத்தில் இருந்து வருவது. அவர் வந்தபின் குழுவின் மொத்த ஒலியுமே சற்று அகலமாகி, பளபளப்பு குறைந்து, நடுப்பகுதி கனத்தது. இது என் காதுக்குப் பட்டது. நீங்கள் வேறு மாதிரி உணரலாம்.

ஷிலெம் வந்து இரண்டே வருடத்தில் மிகப் பெரிய வேலையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். பீத்தோவனின் 250-ஆவது பிறந்த ஆண்டு 2020. அதற்காக 16 குவார்டெட்டுகளையும், அதோடு 'பெரும் ஃபியூக்' என்ற தனிப் படைப்பையும், ஸ்டுடியோவுக்குள் போகாமல், உலகம் சுற்றி ரசிகர்கள் முன்னால் வாசித்தே பதிவு செய்தார்கள். ஃபிலடெல்ஃபியா, வியன்னா, டோக்கியோ, சாவோ பாவ்லோ, மெல்போர்ன், நைரோபி, பாரிஸ் என்று ஏழு நகரங்கள், ஆறு கண்டங்கள். 2019-இல் தொடங்கி 2020 ஜனவரியில் பாரிஸில் முடித்தார்கள். ஓரிரு மாதத்தில் கொரோனாவால் உலகத்தின் அரங்குகள் எல்லாம் மூடிவிட்டன. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இந்தப் பதிவு இப்படி வந்தே இருக்காது.

இந்த வரிசையில் முதலில் வெளியானது வியன்னாப் பதிவு. அதிலிருக்கும் ஓபஸ் 59-இன் (ஓபஸ் என்பது படைப்புகளுக்குத் தரும் வரிசை எண்) முதல் குவார்டெட்டின் தொடக்கத்தை மட்டும் பத்துத் தடவை கேட்டிருப்பேன். செல்லோ கீழே ஒரு நீண்ட மெட்டைப் பாடுகிறது. அதற்கு மேலே இரண்டாம் வயலினும் வயோலாவும் ஒரே சுரங்களைத் தட்டுத் தட்டாகத் திரும்ப வாசிக்கின்றன, அவ்வளவுதான். தாளில் பார்த்தால் அந்த இரண்டு பேருக்கும் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தத் தட்டுகள் நாடித்துடிப்பு. அது ஒரு கணம் முந்தினால் செல்லோ அவசரப்படும், பிந்தினால் தூங்கிவிடும். லு மகதூரும் ஷிலெமும் அந்த இடத்தில் ஒரே கையால் வாசிப்பதுபோல் இருக்கிறது. சேர்ந்து இரண்டு வருடம் ஆன ஒருவர், இருபது வருடமாக இருக்கும் ஒருவரோடு இப்படி ஒட்டியிருக்கிறார் என்றால் அந்த இரண்டு வருடத்தில் எவ்வளவு உட்கார்ந்து உழைத்திருப்பார்கள்!

அப்புறம் வந்தவற்றைக் கவனித்தால் ஒன்று புலப்படும். 2021-இல் 'ரவுண்ட் மிட்நைட்' என்ற ஆல்பம்: பிரெஞ்சு இசையமைப்பாளர் டுட்டிய்யூவின் இரவைப் பற்றிய குவார்டெட், மெர்லேனே ஜாஸ் மெட்டுகளை வைத்து எழுதிய ஒரு படைப்பு, ஷோன்பெர்க்கின் 'உருமாறிய இரவு'. கடைசிப் படைப்புக்கு ஆறு பேர் வேண்டும், இரண்டு வயோலா. 2023-இல் மொஸார்ட்டின் இரண்டு குயின்டெட்டுகள், அதாவது ஐந்து பேர் வாசிக்கும் படைப்புகள், அதிலும் இரண்டு வயோலா. இரண்டு தடவையும் கூட வந்தவர் பிரான்ஸின் தலைசிறந்த வயோலாக்காரர் அந்த்வான் தமெஸ்தி. எந்த இருக்கை ஆட்டம் கண்டதோ அந்த இருக்கையையே இரட்டித்து வாசித்துக் காட்டியதுபோல் இருந்தது எனக்கு. மொஸார்ட்டின் ஜி மைனர் குயின்டெட்டில் நடுக்குரல்கள் அடர்ந்து வரும் மெதுவான பகுதியைக் கேட்டால் ஷிலெம் இந்தக் குழுவில் விருந்தாளி இல்லை என்பது புரியும்.

2021 ஜனவரியிலிருந்து மியூனிக் இசைப் பல்கலைக்கழகத்தில் இளம் குவார்டெட்டுகளுக்கு இவர்களே வகுப்பு எடுக்கிறார்கள். இஸாயி குழு தங்களுக்குச் செய்ததை இவர்கள் அடுத்தவர்களுக்குச் செய்கிறார்கள், 2004-இல் பரிசு வாங்கிய அதே ஊரில்.

பின் மெர்லேன் விலகினார். ஜெனீவாவின் சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தப் போய்விட்டார். இது எர்சோக் போனதைவிடப் பெரிய அடி என்று அப்போது நினைத்தேன். அந்த ஜாஸ் உணர்வில் பெரும்பங்கு அவருடையது, படைப்புகளை வடிவமைத்தவரும் அவர். செல்லோ அடித்தளம் வேறு. கூட்டு ஒலி எல்லாம் அதிலிருந்துதானே கட்டப்படுகிறது? 2024-இல் ஜப்பானியரான யூயா ஒகமோட்டோ வந்தார். 2017-இல் பிரஸ்ஸல்ஸின் எலிசபெத் அரசி போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவர். அவருடைய ஒலி மெர்லேனினதைவிட வட்டமானது, இனிமையானது. மெர்லேனிடம் இருந்த அந்தக் கொஞ்சம் சொரசொரப்பான, பேசுவதுபோன்ற வில் எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அது போய்விட்டது, திரும்ப வராது. அதற்காக வருத்தப்படுவதில் தப்பில்லை.

இத்தனைக்குப் பின்னும் ஏன் அதே குழு என்கிறேன் என்றால், கப்ரியேல் லு மகதூரின் வாசிப்பைக் கேட்டுப் பாருங்கள் என்பேன். முதல் வயலினின் பெயர்தான் எல்லோர் வாயிலும் வரும். கொலோம்பேயின் வாசிப்புக்கு அது தகும். ஆனால் குழுவின் பழக்கங்கள் குடியிருப்பது இரண்டாம் வயலினில். மேலே மெட்டு போகும்போது அதன் நிழலாக ஒரு மூன்றாம் சுரம் கீழே போக வேண்டும், வயோலா சுழலும்போது அதோடு சேர்ந்து சுழல வேண்டும், செல்லோ பாடும்போது நாடியாக இருக்க வேண்டும். புது வயோலாவும் புது செல்லோவும் முதலில் ஒட்ட வேண்டியது அவரோடுதான். அவர் தன் ஒலியை ஆளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, பழக்கத்தை மட்டும் கைமாற்றியிருக்கிறார்.

பிரான்ஸில் இன்று இவர்கள் தனியாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொதிலியானி, தியோத்திமா, வான் குவைக், 2016-இல் அதே ஏஆர்டி போட்டியில் வென்ற அரோத் என்று நல்ல குழுக்கள் நிறைய இருக்கின்றன. அரோத்தைக் கேட்கும்போது எபெனின் பாதிப்பு சில இடங்களில் தெளிவாகத் தெரியும்.

எங்கிருந்து தொடங்குவது? 2008 ஆல்பத்தில் டெபுஸியின் இரண்டாம் பகுதி. நாலு நிமிடம்கூட இல்லை. ஹெட்ஃபோன் போட்டு, முதல் தடவை முழுசாகக் கேளுங்கள். இரண்டாவது தடவை வயோலாவை மட்டும் பின்தொடருங்கள். அடுத்து ஃபோரேயின் தொடக்கம். அப்புறம் நேராக வியன்னாவின் பீத்தோவன் ஓபஸ் 59, அதன்பின் மொஸார்ட்டின் ஜி மைனர் குயின்டெட். கடைசியாக, பீத்தோவன் தொகுப்பிலிருந்து ஓபஸ் 131. ஏழு பகுதிகள், இடைவெளியே இல்லாமல் ஏறக்குறைய நாற்பது நிமிடம், அதனால் அவசரமில்லாத ஒரு இரவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வயலின் தனியாகத் தொடங்கும். இரண்டாம் வயலின் அதே மெட்டோடு உள்ளே வரும், பின் வயோலா, கடைசியாக செல்லோ. ஒவ்வொருவராக வரும்போது ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருப்பவர்கள் தங்கள் ஒலியை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்று மட்டும் கவனித்துக் கேளுங்கள்.